மூன்று சிரிப்பு வரை அனுமதி

மறுவாழ்வு நிலையத்தின் சிகிச்சை அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வருவதாக மேல்மாடியிலிருந்து எழுத்துமூலம் ஒரு புகார் போனது. கொடுத்தவர் ஆவணப் பிரிவின் தலைமை எழுத்தர். பதினான்கு ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் இருப்பதாகவும், கீழ்த்தளத்தில் நோயாளிகள் முனகுவதும் குழந்தைகள் ஊசிக்கு அலறுவதும் தமக்குப் பழகிவிட்டதாகவும், வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை கேட்கும் இந்தச் சத்தம்தான் வேலை செய்ய விடுவதில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். நோயாளிகள் சிரிப்பதற்கான காரணத்தைக் கண்டறிந்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவன செய்யப்பட்டது. அடுத்த வியாழக்கிழமை அறை பூட்டிக் கிடந்தது.

கதவில் ஒட்டியிருந்த தாளை அக்கா சத்தமாகப் படித்தாள். கண் தெரியாதவர் ஒருவர் அங்கே நின்றிருந்ததால் யாராவது சத்தமாகப் படித்தாக வேண்டியிருந்தது. "இவ்வறையில் நடைபெற்றுவரும் 'பொழுதுபோக்குச் சிகிச்சை' என்பது பொழுதுபோக்கா, சிகிச்சையா என்று முடிவாகும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது."

"அக்கா, பந்து டீச்சர் தூங்குறாங்களா?" என்று தம்பி கேட்டான்.

"இல்லடா. கதவைப் பூட்டிட்டாங்க."

"நாம தட்டலாம்."

அவன் தட்டினான். சிகிச்சைக்கு வந்திருந்த பதினொரு பேரும் சற்று நேரம் காத்திருந்தார்கள். பிறகு வந்த வழியே கலைந்தார்கள்.

தம்பிக்கு வயது முப்பத்துமூன்று. டவுன் சிண்ட்ரோம் என்று அவன் பிறந்த அன்றே ஒரு மருத்துவர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவனைப் பற்றி யாரும் புதிதாக எதுவும் எழுதவில்லை. பேருந்து என்றால் அவனுக்கு உயிர். தெருவில் எல்லோருக்கும் அவன் 'கண்டக்டர்'. சோற்றுக்கு உட்காருவதற்கு முன்னும், விளக்கை அணைப்பதற்கு முன்னும், "போலாம் ரைட்!" என்று அவன் குரல் கொடுத்தால்தான் வீட்டில் காரியம் நடக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா இறந்தபோது அவன் அந்தக் குரலை நிறுத்திவிட்டான். சவப்பெட்டியின் மூடியைப் போட்டு ஆணி அடித்ததை அவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் எட்டு மாதம் பேசவில்லை. அக்கா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் வேலை பார்த்தாள். காலையில் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போதும் அவன் முகம் அதே சுவர்ப்பக்கம்தான் இருக்கும். மாத்திரைகள் மாறின, சுவர் மாறவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர், "மறுவாழ்வு நிலையத்துல வியாழக்கிழமை ஒரு மணி நேரம் நடக்குது. கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன்" என்றார்.

அங்கே பந்து டீச்சர் ஒரு பெரிய வட்டத் துணியை விரிப்பார். பதினொரு பேரும் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு சிவப்புப் பந்து. எல்லோரும் சேர்ந்து துணியைத் தூக்கினால் பந்து கூரைவரை போகும். கீழே வரும்போது பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு வாரம் தம்பி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். ஐந்தாவது வாரம் பந்து எழும்பி, பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன கணக்கு வாத்தியாரின் வழுக்கைத் தலையில் பட்டுத் தெறித்தது. வாத்தியார் சிரித்தார். தம்பியும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு நிமிர்ந்து நின்று, "போலாம் ரைட்!" என்றான்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தலைமை எழுத்தரின் காதில் விழுந்தது அந்தச் சிரிப்புதான்.

அக்கா ஒரு மனு எழுதி அனுப்பிவிட்டு, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சிகிச்சைத் துறையின் துணை இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவர் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் செயற்கைக் கால் ஒன்று நின்றது. துறைக்கு விருது வாங்கித் தந்த கால் அது. அழுக்காகிவிடும் என்பதால் அதை இதுவரை யாருக்கும் பொருத்தவில்லை.

"உக்காருங்கம்மா. உங்க மனுவை முழுசாப் படிச்சேன். மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. கஷ்டமா இருக்குற வரைக்கும் அது எங்க துறைதான். ஆனா மூணாவது பத்தியில, 'என் தம்பி வாய்விட்டுச் சிரித்தான்'னு எழுதியிருக்கீங்க. அந்த இடத்துலதான் விஷயம் கை மாறுது."

"எட்டு மாசம் பேசாமக் கிடந்தவன் சார்."

"அதோட நிறுத்தியிருக்கலாம்ல? இங்க பாருங்கம்மா, சிகிச்சைன்னா ஒரு கசப்பு வேணும். மருந்துன்னா முகம் சுளிக்கணும். கால் பயிற்சின்னா கத்தணும். கத்துனாத்தான் தெருவுல போறவனும் உள்ள ஏதோ வைத்தியம் நடக்குதுன்னு நம்புவான். உங்க தம்பி வர்றாரு, பந்து விளையாடுறாரு, சிரிச்சுட்டு வீட்டுக்குப் போறாரு. நடுவுல நாங்க எங்கம்மா இருக்கோம்?"

அவர்கள் நடுவில் இருக்க வேண்டும் என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரியும்.

"பொழுதுபோக்குத் துறை எதிர்க் கட்டடம். அங்க கேளுங்க" என்று அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மரியாதை தெரிந்த மனிதர்.

எதிர்க் கட்டடத்தின் கண்காணிப்பாளரும் மரியாதை தெரிந்தவராகவே இருந்தார். அவர் மேஜையில் ஊஞ்சல் பொம்மை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நின்றபோதெல்லாம் அவர் ஒரு விரலால் தட்டிவிட்டார்.

"எங்ககிட்ட பூங்கா இருக்கு, படகு இருக்கு, ஓய்வுபெற்றவங்க நடைச் சங்கம் இருக்கு. அங்க வர்றவங்க எல்லாம் நல்லா இருக்குறவங்கம்மா. நல்லா இருந்தாத்தானே பொழுதைப் போக்க முடியும்? உங்க தம்பி மாதிரி ஒருத்தரைப் பார்த்தா நாலு பேருக்கு மனசு சங்கடப்படும். சங்கடப்பட்டா அது பொழுதுபோக்கு இல்ல, சிகிச்சை. நீங்க துணை இயக்குநரைப் பாருங்க."

"அவர்தான் சார் உங்களைப் பார்க்கச் சொன்னாரு."

"அப்படியா? நல்ல மனுஷன். நான் கேட்டதாச் சொல்லுங்க."

அக்கா மூன்று வாரம் இரண்டு கட்டடங்களுக்கும் இடையே சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். துணை இயக்குநர் கேட்டதாகக் கண்காணிப்பாளரிடமும், கண்காணிப்பாளர் கேட்டதாகத் துணை இயக்குநரிடமும் சொன்னாள். இரண்டு துறைகளுக்கும் இடையே நல்லுறவு வளர்ந்தது.

வீட்டில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தம்பி தானே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். பதினொரு மணி ஆனதும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். நான்காவது வாரம் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அக்கா அவன் முதுகைத் தடவினாள்.

அன்று அவள் வக்கீலம்மாவைத் தேடிப் போனாள். வக்கீலம்மா வக்கீல் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொலைபேசி விசாரணைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். அவளும் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. நாள் முழுக்க அடுத்தவர் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எதற்கும் பயப்படாத ஒரு குரல் வந்திருந்தது.

"ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உக்கார வைக்கணும் அக்கா. தனித்தனியா இருந்தா ரெண்டு பேருமே நல்லவங்களா இருந்துட்டே இருப்பாங்க" என்றாள்.

பதினொரு பேரும் கையெழுத்துப் போட்ட மனுவை அவள் எழுதினாள். கணக்கு வாத்தியார் இடக்கையால் போட்டார். தம்பி சுவர்ப்பக்கமிருந்து திரும்பி ஒரு பேருந்து வரைந்தான். பதினேழு நாள் கழித்துக் கூட்டுக்குழு கூடியது. 'மாற்றுத்திறனாளிகளின் அணுகல் உரிமை பற்றிய விசாரணை' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். கூட்டம் இரண்டாவது மாடியில். மின்தூக்கி கிடையாது.

வக்கீலம்மா படிக்கட்டின் கீழே நின்றுவிட்டாள். மேலே தகவல் போனது. குழு யோசித்து, அவள் சொல்வதைக் கீழே இருந்தே சொல்லலாம், கடைநிலை ஊழியர் வந்து கேட்டு மேலே சொல்வார் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தது. ஊழியர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. மூட்டுவலிக்காரர். ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"அண்ணே, இதை அப்படியே சொல்லுங்க" என்று வக்கீலம்மா தொடங்கினாள். "எங்க வலிக்கு ஒரு துறை இருக்கு. நாற்காலிக்கு ஒரு துறை, சான்றிதழுக்கு ஒரு துறை. வாரத்துல ஆறு நாள் யாராவது எங்களைத் தூக்குறாங்க, குத்துறாங்க, அளக்குறாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் நாங்க எதையாவது தூக்குறோம். அது எங்களுக்கு மருந்துன்னு எங்க மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்காரு. மருந்து இனிச்சா அது எங்க தப்பா?"

ஊழியர் தலையாட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. அக்கா அவர் பின்னாலேயே போனாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் குழுத்தலைவர்.

"ஒரு மணி நேரம் வேணுமாம் சார்."

"மேல வந்து கேக்கச் சொல்லுங்க."

"மேல வர முடியாதாம் சார்."

"நேரில் வர விருப்பமில்லைன்னு குறிச்சுக்கோங்க" என்று தலைவர் எழுத்தரிடம் சொன்னார்.

அக்கா எழுந்து, "ஐயா, அவங்க சொன்னது அது இல்ல" என்றாள். முழுவதையும் தனக்கு நினைவிருந்தபடி சொன்னாள். நடுவில் அழுதுவிட்டாள். அழுதது நல்லதாகப் போயிற்று. "இது சிகிச்சை மாதிரித்தான் தெரியுது" என்று துணை இயக்குநர் முதன்முறையாக இளகினார்.

குழு மூன்று மணி நேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தது. ஆய்வாளர் ஒருவர் ஒரு முழு மணி நேரம் நேரில் பார்ப்பார். அந்த நேரத்தில் மூன்று சிரிப்பு வரை வந்தால் சிகிச்சை. நான்காவது வந்தால் பொழுதுபோக்கு, அறை நிரந்தரமாக மூடப்படும். புன்னகை சிரிப்பாகுமா என்று ஒருவர் கேட்டார். பல் தெரிந்தால் சிரிப்பு, தெரியாவிட்டால் முகத்தசைப் பயிற்சி என்று தீர்மானமாயிற்று. பல்லே இல்லாதவர்கள் விஷயத்தில் சத்தத்தை வைத்து முடிவு செய்யலாம் என்று ஒரு திருத்தமும் சேர்க்கப்பட்டது.

பதினொரு பேருக்கு மூன்று சிரிப்பு. தம்பி ஒருவனுக்கே அது இரண்டு நிமிடத்துக்குப் போதாது.

ஆய்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அக்கா சலவைக்கூடத்திலிருந்து கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். காலுறைகளைச் சுருட்டிப் பந்து செய்தாள். விரிப்பின் ஒரு பக்கத்தைக் கட்டில் காலில் கட்டி, மறுபக்கத்தைத் தம்பி கையில் கொடுத்தாள். பந்து எழும்பியது. அவன் சிரித்தான்.

"சிரிக்கக் கூடாதுடா."

இன்னும் சிரித்தான். அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான்.

முதல் நாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் முறைத்தாள். நான்காம் நாள் பந்தை ஒளித்து வைத்தாள். ஆறாம் நாள் வேலையில் இரட்டைப் பணி. கை விரல்கள் வெந்நீரில் ஊறி வெளிறிப்போய் வந்திருந்தாள். அன்றும் அவன் சிரித்தான்.

"சிரிச்சா மூடிடுவாங்கடா! உனக்குப் புரியுதா இல்லையா? மூடிடுவாங்க!"

தம்பி விரிப்பைக் கீழே விட்டான். "அம்மாவை மூடின மாதிரியா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உட்கார வைத்து அறை வேறு, பெட்டி வேறு என்று விளக்கியிருக்கலாம். ஆனால் ஆறு நாளில் முதன்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆமா" என்றாள் அக்கா. "அது மாதிரிதான்."

அதற்குப் பிறகு பயிற்சிக்குத் தேவையே இருக்கவில்லை.

ஆய்வாளர் குறித்த நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு எண் கூடும். அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க வழக்கம்போல இருங்க. நான் இருக்குறதையே மறந்துடுங்க" என்றார்.

பதினொரு பேரும் இறுகிய முகத்தோடு விளிம்பைப் பிடித்தார்கள். பந்து டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தூக்குங்க" என்றார். துணி எழும்பியது. பந்து மேலே போயிற்று, கீழே வந்தது. மறுபடி மேலே போயிற்று. கண் தெரியாதவர் பந்து எங்கே என்று வழக்கமாகக் கேட்பார், அன்று கேட்கவில்லை. வக்கீலம்மா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பெரிய துக்கத்துக்கு வந்தவர்கள் கடமைக்காக ஒரு பந்தைத் தூக்கிப் போடுவது போல இருந்தது.

இருபதாவது நிமிடம் பந்து குறி தவறி, கணக்கு வாத்தியாரின் வழுக்கையில் பட்டு, அங்கிருந்து தாவி நேராக ஆய்வாளரின் மடியில் போய் உட்கார்ந்தது. வாத்தியார் இருமுவது போலக் குனிந்தார். பந்து டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் தன் மடியைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். அவரை மீறி ஒரு சிரிப்பு வெடித்து வந்துவிட்டது.

உடனே நிறுத்திக்கொண்டார். நேர்மையானவர். கருவியை ஒருமுறை அழுத்தினார்.

தம்பி அசையவில்லை. துணியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி ஆய்வாளரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நெற்றி வியர்த்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே அக்கா அவனைப் பார்த்துப் பெருமைப்பட்டாள். சற்று நேரம் கழித்துத்தான் அது பெருமை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அறிக்கை வந்தது. "மொத்தச் சிரிப்பு: ஒன்று. சிரித்தவர்: ஆய்வாளர். பங்கேற்றோர் முகத்தில் மகிழ்ச்சிக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. சிகிச்சை எனப் பரிந்துரைக்கப்படுகிறது."

அறையை மறுபடி திறக்க ஒரு சிறிய விழா எடுத்தார்கள். கதவில் 'மேலசைவுத் தீவிரச் சிகிச்சைக் கூடம்' என்று புதுப் பலகை. துணை இயக்குநர் பேசினார்: "இந்தத் துறையில முப்பது வருஷமா இருக்கேன். இவ்வளவு கட்டுப்பாடான நோயாளிகளை நான் பார்த்ததே இல்ல. பந்து விளையாடும்போதுகூட இவங்க முகத்துல இருந்த அந்தச் சோகம் இருக்கே, அதுதான் எங்க உழைப்புக்குக் கிடைச்ச வெற்றி." கண்காணிப்பாளர் கைதட்டினார். தலைமை எழுத்தரும் மேலிருந்து இறங்கிவந்து கலந்துகொண்டார்.

இனி சிரிக்கலாமா என்று வக்கீலம்மா நேரடியாகவே கேட்டாள்.

"தாராளமா. வகைப்பாடு முடிஞ்சு போச்சே. இனிமே நீங்க என்ன செஞ்சாலும் அது சிகிச்சைதான்" என்றார் துணை இயக்குநர்.

அவர்கள் போனதும் பந்து டீச்சர் கதவைச் சாத்திவிட்டுத் துணியை விரித்தார். அன்று அக்காவையும் உள்ளே இருக்கச் சொன்னார். பந்து கூரையைத் தொட்டுத் திரும்பியது. இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வக்கீலம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

தம்பி துணியை உதறிவிட்டு ஓடினான். சக்கர நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினான்.

"சிரிக்காதீங்க. மூடிடுவாங்க. உள்ள வச்சு மூடிடுவாங்க."

வக்கீலம்மா அவன் கைகளை விலக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். சிரிக்க மாட்டேன் என்று கண்ணாலேயே சொன்னாள். அந்த வியாழக்கிழமை மீதி நேரம் முழுவதும் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் அப்படித்தான். கணக்கு வாத்தியார் மட்டும் ஒருமுறை லேசாக வாயைத் திறந்தார். தம்பி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அவனுக்காக எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். அறை வாரம் தவறாமல் திறந்தது. மேலே ஒரு சத்தமும் போகவில்லை.

அக்கா பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைக் கட்டிலில் உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"டேய் கண்டக்டர், அக்கா அன்னைக்குப் பொய் சொன்னேன்டா. சிரிச்சா யாரும் யாரையும் மூட மாட்டாங்க. அம்மா உடம்புக்கு முடியாமத்தான் போயிட்டா. நீ சிரிச்சதால இல்ல. யார் சிரிச்சதாலயும் இல்ல."

அவன் பொறுமையாகக் கேட்டான். அவள் சொல்வதை நம்ப ஆசைப்படுகிறான் என்று முகத்தில் தெரிந்தது.

"இப்பப் பாரு. அக்கா சிரிக்கிறேன். என்ன ஆகுதுன்னு பாரு."

அவள் சிரிக்க முயன்றாள். வாயைத் திறந்தாள், பல்லைக் காட்டினாள், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பாக வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். அதுவும் அப்படியே வந்தது. பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

தம்பி முதலில் பதறிக் கையை உயர்த்தினான். அவள் கன்னத்தில் நீரைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டான். நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"அழு அக்கா," என்றான். "அழுதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."